கருமாதி முடிந்தவன் எழுதுவது

ஐயா,

இன்று ஆடிப்பெருக்கு. என் வீட்டுக்காரி ஆற்றில் குளித்துப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த ஈர மஞ்சள் வாசத்தில் உங்கள் நினைவு வந்துவிட்டது. இந்த வயதில் எழுதப் படித்துவிட்டேன், ஐயா. ஒரு வரி முடிவதற்குள் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். ஆனாலும் என் கையிலிருந்து எழுத்து வருவதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜப்பான்காரன் சண்டைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றி ஆராய, மதுரைக் கல்லூரியிலிருந்து சுருளிப்பட்டிக்கு வந்தீர்கள். அப்போது நான் ஊருக்குச் செத்தவன். எனக்கு முன்னால் திரும்பியவர்கள், நான் வழியில் விழுந்து செத்ததாகச் சொல்லியிருந்தார்கள். தம்பி கருமாதி செய்துவிட்டான். இவள் தாலியை அறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். அறுத்த தாலியைத் திரும்பக் கட்டினால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். கணக்கில் இல்லாதவன் என்று சர்க்கார் உதவிப் படியும் தரவில்லை. ஊர் மந்தைத் திடலில் கிடந்தேன். "ஏலே, பேய் வருது, வழிய விடு" என்று இளவட்டங்கள் கேலி பேசினார்கள்.

நாங்கள் எல்லோரும் படியைப் பற்றியே உங்களிடம் முறையிட்டோம். நீங்கள் கதவோரம் ஒதுங்கி நின்ற இவளைக் கேட்டீர்கள்.

"ஆத்தா, ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அவரு திரும்பி வந்துட்டாரு. என்னையத்தான் இன்னும் யாரும் திருப்பித் தரல."

நீங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. நேரே பெரியவர்களிடம் போய், நான் செத்துவிட்டேன் என்பவர்கள் கையெழுத்துப் போடட்டும் என்று பேனாவை நீட்டினீர்கள். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பேனா கைமாறிக் கைமாறி உங்களிடமே திரும்பி வந்தது. கட்டித் தொலைக்கட்டும் என்றார் ஒருவர். அந்த வாரமே கட்டினேன்.

பிறகு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் படும் பாட்டைக் கேட்டு எழுத மலையேறினீர்கள். காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று சேதி வந்தது. இவள் நம்பவில்லை.

"ஒங்களயுந்தான் அப்படிச் சொன்னாக. வருவாக, பாருங்க."

கம்பமெட்டு மலையேறிப் போனேன். ஓடையோரம் உங்களைப் புதைத்த இடத்தைக் காட்டினார்கள். புல் முளைத்திருந்தது. இறங்கி வந்ததும், பார்த்தீர்களா என்று கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

நீங்கள் இல்லை என்பதை இந்த வீட்டில் எழுதத்தான் முடிகிறது, ஐயா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது அருகில் வந்து உட்கார்ந்து, யாருக்கு என்று கேட்கிறாள். உங்களுக்கு என்றேன்.

"வெரசா வரச் சொல்லி எழுதுங்க."

அதையும் எழுதிவிட்டேன்.