மிஸிஸ் ஹார்வியின் மேல் வகுப்பு

எட்மண்டன்
14.10.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கொலிஜில் சேர வந்த எல்லாருக்கும் மிஸிஸ் ஹார்வி இங்கிலிஷ் ரெஸ்ற் வைத்து, புள்ளி பார்த்துத்தான் வகுப்புப் பிரித்தார். என்னிடம் முதல் கேள்வி கேட்கும்போதே நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "என்ர தங்கச்சி ஏ.எல். பாஸ். அவளுக்கு ரெஸ்ற் தேவையில்லை" என்றீர்கள். இங்கிலாந்தில் ஏ.எல். என்றால் இங்கிலிஷில் எழுதியது என்றுதானே அவர் நினைப்பார்? நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கடைசிச் சோதினையை எழுதியது தமிழில் என்று நீங்கள் மூச்சுக்கூட விடவில்லை. அவர் என்னை மேல் வகுப்பில் போட்டுவிட்டார்.

தவளையின் இருதயத்தைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதுவேன். இங்கே பஸ் பிந்திவிட்டது என்று சொல்லத் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் இருக்கிற கானாக்காரப் பெண் என்னை ஊமை என்று நினைத்துக் கையால் பேசுகிறாள்.

டிசம்பரில் நத்தாருக்கு முதல் வருகிற சோதினையில் தவறினால் நேர்சிங் படிப்புக்கு எடுக்கமாட்டார்கள். வகுப்பை மாற்றிவிடும்படி மிஸிஸ் ஹார்வியிடம் எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தோளைத் தட்டினார். நான் கூச்சக்காரி, போகப்போகப் பேசுவேன் என்று நீங்கள்தானே சொல்லி வைத்தீர்கள்! ஒரு போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. எனக்கு அது போதும்.

உங்கள் தங்கை,
சுலோச்சனா


வெம்பிளி
20.10.1989

சுலோச்சனா,

இடியப்பத்துக்குக் குழைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுதுகிறேன். அவ்வளவு கோபம் எனக்கு.

மூன்று பி எடுத்த பிள்ளையை ஏபிசிடி வகுப்பில் இருத்தச் சொல்லி நான் போன் எடுக்க வேண்டுமா? அந்த வகுப்பில் யார் இருக்கிறார் தெரியுமா? யோகராஜாவின் மாமி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்குப் பக்கத்தில் நீ போய்க் குந்தினால், வருகிற மாதம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நான் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் வந்தபோது எனக்கு யார் வகுப்பு வைத்தார்கள்? கடையில் நின்று, வாறவன் போறவனிடம் ஏச்சு வாங்கிப் படித்தேன். ரி.வி.யைப் போட்டுப் பார். வாயைத் திற.

எட்டு வருசமாக, "என்ர தங்கச்சி ஏ.எல். பாஸ்" என்று சொல்லித்தான் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தேன். அதையும் கெடுக்காதே. நான் போன் எடுக்கமாட்டேன்.

சிவமலர்

சனிக்கிழமை வரும்போது என் பெரிய சட்டியைக் கொண்டு வா.


எட்மண்டன்
29.10.1989

அக்கா,

சட்டியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நான் வரவில்லை.

நிமிர்ந்து நடக்க உங்களுக்கு என் ஏ.எல்.தான் கிடைத்ததா? நீங்கள் இரண்டு தரம் அதே சோதினை எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டீர்கள். அதை நான் ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை. இப்போது எடுக்கிறேன். என் பாஸை இரவல் நகை மாதிரி போட்டுக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகிறீர்கள். அதைத் திருப்பித் தாருங்கள் என்றால் உங்களுக்குக் கோபம் வருகிறது.

வியாழக்கிழமை மிஸிஸ் ஹார்வி என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் தெரிகிறது, வாய் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பின்னால் ஒருத்தன் சிரித்தான். கழிவறையில் போய் நின்று அழுதேன். உங்களை நினைத்துத்தான் அழுதேன், பாசத்தில் இல்லை.

வருகிற வெள்ளிக்குள் போன் எடுங்கள். இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நானே சொல்லுவேன்.

சுலோச்சனா


வெம்பிளி
8.11.1989

சுலோச்சனா,

நேற்று மிஸிஸ் ஹார்வி எனக்குப் போன் எடுத்தார். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் வாய் திறக்காத பெண் முழு வகுப்புக்கும் முன்னால் எழுந்து பேசினாளாம். என்ன பேசினாள் என்று கேட்டேன். தயங்கினார். நான் விடவில்லை. பிறகு சொன்னார்.

"என்ர அக்கா பொய் சொல்லிப்போட்டா. அவவுக்கு ஏ.எல். வேணும். எனக்கு இங்கிலிஷ் வேணும்."

இதைத்தானே இங்கிலிஷில் சொன்னாய்?

அதற்குப் பிறகு அவர் உனக்கு ரெஸ்ற் வைத்தாராம். அடி வகுப்புக்குப் போகத் தேவையில்லையாம், நடு வகுப்பு உனக்குச் சரியாம். அவ்வளவு தெளிவாகச் சொன்னாயாம். "யூ மஸ்ற் பி ப்ரவுட்" என்றார். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

நீ நேர்சிங்குக்குப் போவாய், எனக்குத் தெரியும். போனதும் அம்மாவுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

சட்டி வந்தது, மூடி வரவில்லை. மூடி தர வந்தேன் என்று அதைச் சாட்டி இந்தப் பக்கம் வராதே. நீயே வைத்துக்கொள்.

சிவமலர்