ஏரி திருப்பிக் கொடுத்த இறக்கை

என் அன்புக்குரியவருக்கு,

இறக்கை கிடைத்துவிட்டது! நம் அருங்காட்சியகத்தில் ஒற்றை இறக்கையோடு நிற்கிறதே போர்க்கால விமானம், அது ஏரியில் விழுந்தபோது பிய்ந்துபோன இடது இறக்கை! இந்தக் கோடையில் ஏரி வற்றிவிட்டது. மீன்காரர் போன் செய்தார்: "அக்கா, சேத்துக்குள்ள பெரிய தகடு ஒண்ணு தலையத் தூக்கிட்டு நிக்குது. நீங்க தேடுறது இதுவான்னு வந்து பாருங்க." செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

கிரேன் தூக்கியதும் சேறு வழிந்து, குண்டு துளைத்த ஓட்டைகள் வழியாக வெயில் தெரிந்தது. "ஏங்க அழறீங்க?" என்றார் கிரேன் டிரைவர். கண்ணில் சேறு தெறித்துவிட்டது என்றேன்.

அருங்காட்சியகக் கொட்டகையில் விமானத்தோடு வைத்துப் பார்த்தோம். போல்ட் துளைகள் அச்சு அசலாகப் பொருந்தின! மெக்கானிக் அண்ணன் டீயைக் கொட்டிவிட்டுக் கைதட்டினார். "இறக்கையை மாட்டி விமானத்தைச் சீரமைக்கிற முழு வேலையும் உங்க பொறுப்புல நடக்கட்டுமா? மூணு வருஷமாவது ஆகும்" என்றார் அருங்காட்சியக இயக்குநர். அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் நமக்கு வீடு பார்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பால்கனி பெரியதாமே, சந்தோஷம். நான் அங்கே வர டிக்கெட் எடுக்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

எடுங்கள். உங்கள் பெயரில், இங்கே வருவதற்கு மட்டும்.

நகத்தில் இன்னும் சேறு போகாத,
உங்கள் மனைவி