பூக்கார அக்காவின் போனில் ஓடுமா

கைப்பையைத் துழாவும்போது இன்று காலை உன் பழைய கைப்பேசி கையில் பட்டது. சார்ஜில் போட்டேன். அதே சூடு, அதே பிளாஸ்டிக் வாடை. எரிச்சலாக வருகிறதடி. நீ பாட்டுக்குச் செத்துப்போய்விட்டாய், வேலையெல்லாம் என் தலையில்.

டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் எங்கே வருகிறது என்று காட்டும் நம் செயலிதான். ஒரே நிரலை எழுதினால் போதும், எல்லா வகைப் போனுக்கும் கைக்கடிகாரத்துக்கும் கம்பைலர் மாற்றிக் கொடுத்துவிடும் என்று நான் பீற்றிக்கொள்வேன். நீ நம்பவே மாட்டாய். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கு முன்பும் கெலுகோர் அலுவலகத்திலிருந்து என்னை டத்தோ கிராமாட் கடைத்தெருவுக்கு இழுத்துப் போவாய். அங்கே பூ விற்கும் அக்காவின் கீறல் விழுந்த போனை வாங்கி, அதில் போட்டுப் பார்ப்பாய். அவர் கணவர் அந்த வேனில் போகிறவர். "எழுதுறது ஒன்னுலா, ஓடுற எடம்தான் வேற வேற" என்பாய். எனக்கு வெயிலில் தலைவலி வரும். உனக்கு ஓசியில் பூ கிடைக்கும்.

இப்போது நிரலை இயக்கும் ரன்டைமையே மாற்றச் சொல்கிறார்கள். பழைய போன்களில் ஓடாவிட்டால் போகட்டும், அவை கொஞ்சம்தானே என்கிறார் மேலாளர். மதியத்துக்குள் நான் சரி சொல்ல வேண்டும். புதுப் பதிப்பை உன் போனில் போட்டேன், வெறும் வெள்ளைத் திரை. இருப்புக் கொள்ளாமல் அக்காவிடம் ஓடினேன். அங்கேயும் வெள்ளைத் திரைதான்.

அக்கா கோபப்படவில்லை. "அப்ப அவரு வெளியிலயே நின்னு வேன் வருதான்னு பார்த்துக்கட்டும்மா" என்றார். அந்த மனுஷரால் நிற்கவே முடியாது. அங்கிருந்தே மேலாளரை அழைத்து முடியாது என்றேன். பழைய போன்களுக்குத் தனிப் பதிப்பு இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். இனி எனக்கு இரட்டை வேலை. எல்லாம் உன்னால் வந்த வினை.

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அக்கா என் எண்ணைக் கேட்டார். அவர் போனில் உன் எண் 'வேன் தங்கச்சி' என்று இருந்தது. இத்தனை நாளும் அழிக்க மனம் வரவில்லையாம். பெயரை அப்படியே விட்டு, எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம் அழைத்தார். "வேன் தங்கச்சியா? வேன் நல்லா தெரியுதும்மா."

ஆமாக்கா, நான்தான் என்றேன்.