மூடிக்கொண்ட உச்சிக்குழி

என் கண்ணான ராஜி அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடு. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் உன் மகன் தலையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நாளைக் காலை அவனை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்.

அவன் பிறந்த மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அதிலிருந்து உன் நாத்தனார்தான் குளிப்பாட்டுகிறாள். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்து, நீண்டிருந்த தலை உருண்டையாகட்டும் என்று பிடித்துப் பிடித்து விட்டாள். இரண்டு மாதத்துக்குள் உச்சிக்குழி கெட்டியானதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் தன் கைராசி என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

தலையோ நீண்டுகொண்டே போனது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறக்கும்போது மண்டையோடு ஒரே ஓடு இல்லையாம், தனித்தனித் தட்டுகளாம். பிரசவத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடும், பிறகு மூளை வளர வளர விலகிக்கொடுக்கும். அவை சேரும் கோட்டுக்குப் பொருத்து என்று பெயர். முன் உச்சிக்குழி ஒன்றரை வயது வரைகூடத் திறந்திருக்கலாம். இவனுக்கு நடுப்பொருத்து வயிற்றிலேயே ஒட்டத் தொடங்கிவிட்டது, யார் கையும் காரணமில்லை என்றார். மூளை இனிமேல்தான் வேகமாக வளரவேண்டும், அதற்குள் ஆபரேஷன் செய்து அந்தப் பொருத்தைத் திறந்துவிடாவிட்டால் அதற்கு இடம் போதாமல் போகலாமாம்.

தாயில்லாப் பிள்ளை தலையில் கத்தியா என்று நாத்தனார் அழுது தீர்த்தாள். உன் வீட்டுக்காரர் தறியை விட்டு எழவேயில்லை. எனக்கு வந்த கோபத்தில் தறியில் கட்டியிருந்த பாவு நூலையே அறுத்துப் போட்டிருப்பேன். நேற்றுதான் தறி மிதிப்பதை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க அக்கா தலவலி தலவலின்னு துடிச்சிக்கினு இருந்தா. புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்னு தைலம் தேச்சிக்கினு இருந்தோம். இவனயாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாம்மா."

சொல்லிவிட்டு அழுதார். அந்த மனிதருக்கு அழத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? நாத்தனார் எழுந்துபோய்க் குழந்தைத் துணிகளைப் பையில் வைத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழிப்பார்களாம். முதல் முடி ஏகாம்பரநாதருக்கு என்று வேண்டிக்கொண்டாயே, அது ஆஸ்பத்திரித் தரையில் விழலாமா அக்கா? யாரைப் போய்க் கேட்பது? பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்து வருகிறேன்.

அவனை நல்லபடியாகத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று உனக்குச் சத்தியம் செய்யத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ஒன்று மட்டும் சத்தியம். அவனுக்கு வலித்தால், வலிக்கிறது என்று நம்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
உன் பிள்ளையின் சித்தி கௌரி