மூன்றாவதாக நிறுத்திய அழைப்பு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நாங்கள் நலம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் சரிசெய்த பிறகு கொஞ்சம் தாராளமாகவே ஒழுகுகிறது.

போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். நான் ஆரம்பித்ததும் "சரி சரி, அத விடு, குழந்தை சாப்பிட்டாளா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. நாளை அங்கே பறந்து வரும் உங்கள் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். பறக்க விடாமல் உங்களைப் பத்து நாளாக விடுதி அறையில் உட்கார வைத்திருக்கிறார்களே, படிக்க நேரம் இருக்கும்.

எங்கள் ரேடியோ அறை மேலாளர் நேற்று மதியம் என்னைக் கூப்பிட்டு, விசாரணைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினார். அன்று கடலுக்கு மேலே பறக்கையில் எதிரே இடிமேகம் இருப்பதைச் சொல்லிப் பாதை மாற அனுமதி கேட்டபோது, 'வானிலைக்காக விலகியே ஆக வேண்டும்' என்ற முன்னுரிமை வாசகத்தைச் சொல்ல மறந்துவிட்டீர்களாம். சாதாரணமாகக் கேட்டதால்தான் கரையில் ரேடியோவில் இருந்தவர் உங்களை வரிசையில் வைத்தாராம். ஒலிப்பதிவில் ஒரே இரைச்சல். கேப்டனோ அந்த நேரத்தில் பயணிகளைப் பெல்ட் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல ஆளில்லை. "அவரே எழுதிக் குடுத்துட்டாரு, நீ எதுக்கும்மா வாயக் குடுத்து மாட்டிக்கிற?" என்றார் மேலாளர்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களை யார் தியாகியாகச் சொன்னது? அடுத்த மாதம் கேப்டனாக வேண்டியவர், வாயில் வராத பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னீர்கள். தெளிவாக, இரண்டு தடவை சொன்னீர்கள். பதினாறு வருஷமாக ஹெட்போன் மாட்டியிருக்கிறேன். நடுக்கடலிலிருந்து வரும் குரல் எவ்வளவு கரகரத்தாலும் எனக்குப் புரியும். அதிலும் உங்கள் குரல்.

அதுதான் வினையாகிவிட்டது. உங்கள் குரல் கேட்டதும் பக்கத்து மேசைக்காரி, "மாப்பிள்ளை வந்துட்டாரு, மத்த பிளேனெல்லாம் ஓரமா நிக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இரண்டு விமானங்கள் எங்கே இருக்கிறோம் என்ற வழக்கமான தகவலைச் சொல்லக் காத்திருந்தன. அவர்களை நிறுத்திவிட்டு உங்கள் வேண்டுகோளைத்தான் நான் முதலில் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். வேறு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று, காத்திருக்கச் சொல்லி உங்களை மூன்றாவதாக நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் போய்விட்டது.

பதில் வராததால் நீங்களும் கேப்டனும் விதிப்படியே திரும்பினீர்கள். உயரத்தை முந்நூறு அடி மாற்றி, விளக்குகளைப் போட்டு, சுற்றியிருந்த விமானங்களுக்கும் சொன்னீர்கள். உங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. அதற்குள் மேகத்தின் ஓரம் வந்துவிட்டது. தள்ளுவண்டியை உள்ளே வைக்கப் போன பணிப்பெண்ணுக்கு, விமானம் தூக்கிப் போட்டதில் கூரையில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அந்தப் பெண்ணிடம் நேற்று மாலை போனில் பேசினேன். தாமதம் என்னால்தான் என்றேன். "உங்க வீட்டுக்காரர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவரு தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேக்குறாரு. நீங்க உங்க தப்புங்கறீங்க. யாரையாவது ஒருத்தரத் திட்ட விடுங்கக்கா" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

இன்று காலை நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரியும் தான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முடிவு தெரியும்வரை நான் அந்த மேசையில் உட்காரக் கூடாது. அப்புறமும் விடுவார்களா, தெரியாது. எனக்கு அந்த வேலை எவ்வளவு உயிர் என்று உங்களுக்கே தெரியும், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பொய் நின்றுவிட்டால், விமானிகள் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வரும், அவ்வளவுதான். என் மேசையில் நாளைக்கு உட்காருகிறவளுக்கும் ஒரு புருஷனோ தம்பியோ மேலே பறந்துகொண்டிருப்பான். சொந்தக்காரர் குரல் வந்தால் உடனே அடுத்த மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதியே போடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை விசாரணையில் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எனக்காக ஒரு வார்த்தையும் குறைக்க வேண்டாம். கரையில் யார் இருந்தது என்று கேட்டால், என் மனைவி என்று குரலைத் தாழ்த்தாதீர்கள். ரேடியோ ஆபரேட்டர் என்று சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லியும் நிறுத்தி வைத்தாள் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி