சரிவில் இரண்டு கோடுகள்

மார்ச் 4, செவ்வாய்

கணக்கில் முப்பத்தெட்டு. கையெழுத்து வாங்க விடைத்தாளோடு கூடத்துக்குப் போனேன். யாரோ ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எங்கள் வீட்டு உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "இடிச்சிட்டுத்தானே கட்டுவீங்க? அதை எப்ப ஆரம்பிப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

விலையைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது இடிப்பீர்கள் என்றுதான் கேட்டார்.

வந்தவர் போனபிறகு அம்மா, "தொண்ணூறு வருஷ வீடுங்க," என்றாள். "வீட்டுக்கு என்ன குறை? எனக்குத்தான் முடியல. தினமும் அந்தச் சரிவுல ஏறி உள்ள வரணும். உனக்குப் புரியாது," என்றார் அப்பா. அம்மா போய் வாளியை எடுத்தாள். காலையில் ஒருமுறை கழுவிய சரிவை மறுபடி கழுவினாள்.

சரிவு அண்ணனுக்காகப் போட்டது. அண்ணனின் சக்கர நாற்காலி தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதற்காக, பத்து வருஷத்துக்கு முன்னால், வாசற்படியின் மேல் அப்பாவே சிமென்ட் போட்டார். காய்வதற்கு மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார். அண்ணன் மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மூட்டை, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று இறங்கிவிட்டான். அவனுக்கு எட்டு வயது, எனக்கு நாலு. ஈரச் சிமென்டில் இரண்டு கோடுகள், அடியில் போய்க் கோணலாக வளைந்திருக்கும். அப்பா திட்டவில்லையாம். சிரித்துக்கொண்டே ஒரு குச்சியை எடுத்துப் பக்கத்தில் தேதியை எழுதினாராம்.

அண்ணன் போய் ஏப்ரலோடு ஒரு வருஷம். கோடுகள் அப்படியே இருக்கின்றன.

இந்த நோட்டை இனி மாடிப்படிக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் அவன் நாற்காலியின் முதுகுப் பையில் ஒளித்துவைக்கப் போகிறேன். அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் ஒன்று, இன்று அழுத்திப் பார்த்தேன், சக்கரத்தில் காற்று கொஞ்சமும் குறையவில்லை. ஒரு வருஷமாக நிற்கும் வண்டி. எப்படி?

மார்ச் 7, வெள்ளி

செய்துவிட்டேன். பள்ளி நூலகப் பலகையில், பழைய வீடுகளைப் பாதுகாக்க நகராட்சியில் ஒரு குழு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒட்டியிருந்தது. பாதுகாக்கப்பட்ட வீடு என்று அறிவித்துவிட்டால் அதை யாரும் இடிக்க முடியாதாம். ஆணி இல்லாத மாடிப்படி, வட்டச் சன்னல், எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் அண்ணனைப் பற்றியும் எழுதினேன். பெயர் போடவில்லை. 'இந்த வீட்டைத் தெரிந்தவர்.'

கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்டேன். திரும்ப எடுக்கலாமா என்று விரலை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

மார்ச் 27, வியாழன்

கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழு முடிவு சொல்லும்வரை விற்கவோ இடிக்கவோ கூடாது. வாங்க வந்தவர் அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, "இந்த வம்பெல்லாம் எனக்கு வேண்டாம் சார்," என்று போய்விட்டார்.

அப்பா நேராகப் போனை எடுத்தார். அத்தைக்கு. விற்கக் கூடாது என்று முதலிலிருந்தே அத்தைதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

"நீதான்க்கா எழுதிப் போட்டே. வேற யாருக்கு இந்த வேலை?"

அத்தை கத்தியது எனக்கே கேட்டது. "நான் எழுதறதா இருந்தா என் பேரைக் கொட்டை எழுத்துல போட்டு எழுதுவேன்டா! எனக்கென்ன பயம்?"

"இனி இந்த வாசல்ல கால் வைக்காதே."

நான் இட்டிலித் தட்டைத் துடைப்பதுபோல் நின்றேன். இரண்டு எட்டு வைத்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த தட்டை எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். கிணறு வெட்டியது நான். பூதம் அத்தையை அல்லவா பிடித்திருக்கிறது?

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு வருஷம்.

அத்தை வரவில்லை. அம்மா அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அப்பா அதைப் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை அது காலியாகவே இருந்தது. அண்ணனுக்கு ஊசி போடும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அத்தை. என்னால்தான் வரவில்லை.

இன்றும் சொல்லவில்லை. நான் என்ன பிறவி?

ஏப்ரல் 26, சனி

குழுவிலிருந்து ஒரு மேடம் வந்தார். கழுத்தில் அளவு டேப், தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் டாக்டர்போல ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மாடிப்படியைத் தடவிக்கொண்டே, "நல்ல கிழவி சார் உங்க வீடு. இந்த வயசுலயும் முதுகு வளையல," என்றார்.

"கிழவியை நிம்மதியாச் சாக விடுங்க மேடம்," என்றார் அப்பா.

மேடம் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் வால்போலப் பின்னாலேயே போனேன். வாசலுக்கு வந்ததும், "இது எப்பப் போட்டது?" என்று சரிவைக் காட்டினார். இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தேன். மண்டியிட்டுக் கோடுகளைக் காட்டினேன், தேதியைக் காட்டினேன், மூட்டை கதையைச் சொன்னேன். "அடியில கல்படி அப்படியே இருக்கு மேடம். அப்பா ஒண்ணைக்கூட உடைக்கல. அண்ணன் சொல்லியிருக்கான்."

மேடத்தின் முகம் பளிச்சென்று ஆனது. "உடைக்கலையா? நிச்சயமா?" தேதியைக் கிட்டப் போய்ப் படம் எடுத்தார். கோடுகளையும் எடுத்தார். என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி. பெரிய உதவி பண்ணியிருக்கே," என்றார்.

அண்ணன் கோப்பில் ஏறிவிட்டான். இனி அவனை யாரும் இடிக்க முடியாது. இன்றுதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்குப் பசித்தது.

மே 20, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். அம்மா தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாங்கிப் படித்தேன். இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாறியிருக்குமோ என்று.

'முன்வாசலில் உள்ள சிமென்ட் சாய்தளம் பிற்காலச் சேர்க்கை. அதிலேயே பொறிக்கப்பட்டுள்ள தேதி இதை உறுதிசெய்கிறது. அதன் அடியில் மூலக் கற்படிகள் சேதமின்றி இருப்பதாகத் தெரியவருகிறது. சாய்தளத்தை அகற்றிப் படிகளை வெளிக்கொணர வேண்டும்.'

தெரியவருகிறது. யார் சொல்லித் தெரியவந்தது? நான் சொல்லி. மண்டியிட்டு, விரலை வைத்து, இதோ இதோ என்று நானே காட்டி —

அம்மா, நான் தெரியாமச் செஞ்சுட்டேன்மா. சத்தியமாத் தெரியாதும்மா.

(சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இங்கேதான்.)

மே 22, வியாழன்

காலையிலேயே மேடத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேடம் தண்ணீர் கொடுத்தார். கோபமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தச் சரிவை மட்டும் விட்டுடுங்க மேடம்."

"பாப்பா, பழசுன்னு நாங்க ஏத்துக்கணும்னா ஒரு கட்டுமானத்துக்கு அம்பது வருஷமாவது ஆகியிருக்கணும். இதுக்குப் பத்துதான்."

"அது அண்ணனோடது மேடம். கடிதத்துலயே எழுதியிருந்துச்சே."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடிதம் யார் எழுதியது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மேலே ஏற்றிய கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சேன்மா. ரெண்டு தடவை படிச்சேன். ஆனா எங்க படிவத்துல வீட்டைப் பத்தி எழுதத்தான் இடம் இருக்கு. இருந்தவங்களைப் பத்தி எழுத ஒரு கட்டம்கூட இல்ல."

இன்னும் நாற்பது வருஷம் ஆகவேண்டும். அப்போது எனக்கு ஐம்பத்துநாலு. அண்ணனுக்கு அப்போதும் பதினேழுதான்.

மே 30, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

நோட்டை எடுக்க நாற்காலிப் பைக்குள் கை விட்டேன். நோட்டோடு இன்னொரு தாள். நான் குழுவுக்கு எழுதிய கடிதம். என் கையெழுத்து, நகலெடுத்தது. முழுக் கோப்பையும் வீட்டுக்காரருக்கு அனுப்புவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இன்று காலை அப்பா பெரிய உறை ஒன்றைப் பிரித்தார். பார்த்தேன். மின்வாரியம் என்று நினைத்தேன்.

நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி வைத்திருக்கிறார். அப்பா எதை மடித்தாலும் அப்படித்தான் மடிப்பார்.

அப்பாவுக்கு இந்தப் பை எப்படித் தெரியும்?

அப்புறம்தான் சக்கரம் ஞாபகம் வந்தது. அழுத்தினேன். கல்போல இருக்கிறது. பின்கட்டில் தொங்கும் சைக்கிள் பம்பில் தூசி இல்லை. அம்மாவுக்குப் பம்பு அடிக்கத் தெரியாது.

ஒரு வருஷமாக அப்பா இங்கே வந்துகொண்டிருக்கிறார்.

நோட்டைப் படித்தாரா? எப்போதிலிருந்து? கேட்க முடியாது. சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றார். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு அத்தைக்குப் போன் செய்தார்.

"அக்கா... நீ இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவசரப்பட்டுட்டேன்... யாரா? அதை விடு. நீ வா."

ஜூன் 13, வெள்ளி

நாளைக்குக் கொத்தனார் வருகிறார்.

ஜூன் 14, சனி

அத்தை விடிந்ததும் வந்துவிட்டாள். சரிவு வழியாகவே ஏறி வந்தாள். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கோடுகளை மிதிக்காமல் ஓரமாக.

அப்பா கொத்தனாரிடம், "இந்த ரெண்டு கோட்டையும் மட்டும் பலகைபோல முழுசா எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கொத்தனார் தட்டிப் பார்த்தார். "உள்ள வெறும் மணல் சார். மேல ரெண்டு விரல் கனத்துக்குத்தான் பூச்சு. நெம்பினா அப்பளம் மாதிரி போயிடும்."

"மெதுவா."

"மெதுவாத்தான் சார்."

உளியால் சுற்றிலும் கொத்தி, நாலு பேர் நாலு மூலையிலும் பிடித்தார்கள். அப்பா ஒரு மூலை. அரை அடி எழும்பியது. நடுவில் ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. அப்பாவின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு நின்றது. அதில் கோடு இல்லை.

கொத்தனார் மணலை அள்ள ஆரம்பித்தார். மணலுக்கு அடியில் சாக்கு வந்தது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மடிப்புச் சாக்கு, ஓரங்களில் வைக்கோல் திணித்து, முனை தேயாமல். கொத்தனார் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடிச் சாமானை மூடறாப்பல இல்ல மூடி வெச்சிருக்கு! எந்த ஆள் சார் பண்ணது? மேல சிமென்டைப் போட்டு மூடப்போற படிக்கு எதுக்கு இவ்வளவு பக்குவம்?"

அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான். ரெண்டு மூணு வருஷத்துல அவன் நடந்துடுவான்னு அப்ப டாக்டர் சொன்னார். நடந்துட்டா படி வேணுமேன்னு..."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இது அவளுக்கே தெரியாது. அத்தை அப்பாவின் முதுகில் கை வைத்தாள். எனக்கு அங்கே போக வேண்டும்போல் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்பா தானாகவே திரும்பி, கதவிடுக்கில் என்னைப் பார்த்தார்.

"மூட்டை, இங்க வா."

அப்பா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது அண்ணன் வைத்த பெயர்.

போனேன். "நான்தான்பா," என்றேன். "தெரியும்," என்றார். "வீட்டை இடிச்சா அவன் போனது எனக்கு மறந்துடும்னு நினைச்சேன். நீ இடிக்காம இருந்தா அவன் இருப்பான்னு நினைச்சே. ரெண்டு பேருமே முட்டாள்தான்."

ஜூலை 8, செவ்வாய்

கேட்டுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடு பதித்துவிட்டார்கள். கட்டிய வருஷம் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஒரு மாமா, "என்ன அருமையான படி!" என்று படம் எடுத்துக்கொண்டு போனார். உண்மைதான். ஆறு படிகள், நேற்றுக் கழுவி வைத்ததுபோல இருக்கின்றன. பத்து வருஷமாக யாரும் மிதிக்கவில்லையே.

எனக்கு இன்னும் கால் பழகவில்லை. சரிவு என்று நினைத்து வைத்து, தினமும் முதல் படியில் இடித்துக்கொள்கிறேன். அம்மா பின்வாசல் வழியாகத்தான் போகிறாள், வருகிறாள்.

அத்தை வாரம் ஒருமுறை வருகிறாள். வீட்டை விற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நோட்டை எடுக்கும்போது சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போயிற்று.