ஓர்கன் வாசித்தவரின் பெயர்

நோர்பரி, லண்டன்
14.11.2025

அன்புள்ள தங்கச்சி றோஸ்மலருக்கு,

சிறி அண்ணை எழுதுவது. இங்கு நானும் சந்திராவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? யூட் கடைக்குக் கூரை மாற்றிவிட்டதாகச் சொன்னான், சந்தோஷம். சந்திரா போன வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் உங்கள் மூன்று பேரின் பெயரிலும் அர்ச்சனை செய்தாள். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரருக்கும் பிள்ளையார் செய்வாரோ என்று கேட்டேன். பிள்ளையார் அதையெல்லாம் பார்ப்பதில்லை, நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

கிழமைக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கதைக்கிற மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். கதைக்கத் தொடங்கினால் மழுப்பிவிடுவேன். நாற்பது வருஷமாக அதில் எனக்கு நல்ல பழக்கம். எழுதினால் தப்ப இடமில்லை. நீங்கள் வாசித்த பிறகு யூட்டும் வாசிக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் உங்கள் கணவர் அருளப்புவும் இங்கே தோர்ன்ரன் ஹீத்தில் ஒரே அறையில் இருந்த காலம். கீழ்வீட்டில் கிளாட்ஸ்டன் என்று ஒரு ஜமேக்காக்காரர். கிழமை நாட்களில் பஸ் திருத்துவார். சனிக்கிழமைகளில் நிலவறையில் ரெகே இசை பதிவு செய்வார். வெளியே சத்தம் போகாமல் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணி அடித்து வைத்திருந்தார். 1981இல் ஒரு நாள் அவருடைய ஓர்கன்காரர் வரவில்லை. மேல்வீட்டில் ஒருவர் இருக்கிறார், குருநகர் வேதக் கோவிலில் சின்ன வயதிலிருந்தே ஓர்கன் வாசித்தவர் என்று நான்தான் படியிறங்கிப் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவருக்குச் செய்த நன்மை அது ஒன்றுதான் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அதையும் நினைப்பதில்லை.

முதல் அரைமணி நேரம் அருளப்பு பூசைக்கு வாசிப்பதுபோலவே வாசித்தார். பத்து விரலும் கட்டையில், இடைவெளியே இல்லை. கிளாட்ஸ்டன் வந்து அவருடைய இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். அடி விழுகிற இடத்தில் ட்ரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிற்றார் இருக்கிறது, நீ ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வாசி என்றார். பத்து நிமிஷத்தில் இவருக்குப் பிடிபட்டுவிட்டது. என்ன மெட்டு வாசித்தார் தெரியுமா? உங்கள் பெரிய வெள்ளிப் புலம்பல் மெட்டு. தாடியும் தொப்பியுமாக நாலு ஜமேக்காக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு ஆடினார்கள். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன்.

அந்தக் காலத்து ரெகே இசைத்தட்டில் ஒரு பக்கம் பாட்டு இருக்கும். மற்றப் பக்கம் அதே பாட்டைப் பாடகர் இல்லாமல், வாத்தியங்களை மட்டும் வைத்துப் போடுவார்கள். சனம் ஆடக் கேட்டது அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் தட்டில் பாடகரின் பெயர் மட்டும் இருக்கும், வாசித்தவர்களின் பெயர் இராது. இரண்டு வருஷத்தில் அருளப்பு பதினொரு தட்டுக்கு வாசித்தார். ஒரே ஒரு தட்டில், கிளாட்ஸ்டன் மனமிரங்கி, "சிலோன் ஓர்கன்" என்று போட்டிருந்தார். எனக்கும் தட்டிக் குலுக்குகிற தம்பூரின் ஒன்று தந்தார்கள். இரண்டாம் நாளே திருப்பி வாங்கிவிட்டார்கள். பிறகு என் உத்தியோகம் தேத்தண்ணி ஊற்றுவது, கதவு சாத்துவது.

ஊருக்கு ஒருமுறை வந்துபோன அடுத்த வருஷம், 1984இல், யூட் பிறந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வாறன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த வைகாசியில் ஆமி அவரை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனது. மிச்சம் நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை.

இனி எழுதுவது உங்களுக்குத் தெரியாதது.

1995இல் ஒரு பத்திரிகைக்காரன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். பழைய ரெகே தட்டுகளில் வாசித்த, பெயர் தெரியாத ஆட்களைத் தேடித் தேடி எழுதுகிறவன். கிளாட்ஸ்டன் இறக்க முன் தந்த விலாசத்தோடு வந்திருந்தான். அந்த சிலோன் ஓர்கன் நீங்களா என்று கேட்டான். பக்கத்தில் என் மகள் விதுஷா நின்றாள், ஒன்பது வயது. பெற்றோல் நிலையத்தில் காசாளராக வேலை செய்கிற அப்பாவை அன்றைக்குத்தான் முதல் முதலாக நிமிர்ந்து பார்த்தாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். அருளப்பு இருந்தால் சிரித்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பொய்க்குச் சோறு போடத் தொடங்கினால் அது வீட்டிலேயே தங்கிவிடும். ரேடியோவில் கூப்பிட்டார்கள். பிரிக்ஸ்டனில் மேடையேற்றி மாலை போடாத குறை. வாசித்துக் காட்டச் சொன்னால் விரலில் வாதம் என்பேன். பேஸ் வாசித்தவர், ட்ரம்ஸ் அடித்தவர் எல்லாரும் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். அந்த நிலவறையில் இருந்தவர்களில் இன்றைக்கு லண்டனில் உயிரோடு மிச்சம் இருப்பது ஒன்றும் வாசிக்காத நான் மட்டும்தான்.

தங்கச்சி, 2011இல் ஒருநாள் நீங்கள் தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறதா? அவற்ற முகம் படத்தில கிடக்கு அண்ணை, குரல்தான் மெல்ல மெல்லப் போகுது, ஒரு கசெற்றிலகூட இல்லை என்றீர்கள். பஸ் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன். நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அந்த அலுமாரிக்குள் அவருடைய குரல் இருந்தது.

ஓர்கனோடு தொடங்கும் தட்டு ஒன்று. தொடங்க முன் அருளப்பு "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணுவார். நாலு சொல்லமாட்டார், அந்த இடத்தில் விரல் விழுந்துவிடும். கிளாட்ஸ்டனுக்கு அது என்ன பாஷை என்று தெரியாது. சத்தம் பிடித்துப்போய், அழிக்காமல், எதிரொலிப் பெட்டிக்குள் விட்டார். தட்டில் அந்த "மூண்டு" திரும்பத் திரும்ப வந்து, தூரத்தூரப் போய், பாட்டு முடியும்வரை அடியில் கிடக்கும். அதை உங்களுக்கு அனுப்பினால் வாசித்தது யார் என்று அன்றைக்கே வெளிச்சமாகிவிடும். அதனால் அனுப்பவில்லை. நீங்கள் குரல் இல்லாமல் இன்னும் பதினாலு வருஷம் இருந்தீர்கள். இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நோர்பரி ஸ்ரேஷனில் மேடையில் நின்றால் அறிவிப்புக்குப் பின்னால் அந்த "மூண்டு" கேட்கும். சந்திரா குளியலறையில் தண்ணீர் திறந்தால் அதற்குள் கேட்கும். ஒருநாள் காலையில் அந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். நிலவறையில் இப்போது நகம் அழகுபடுத்துகிற கடை. கீழே போகும் படியில் நாலாவது படியோடு நின்றுவிட்டேன். ஒரு பெண்பிள்ளை வந்து ஐயா உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டு வெளியே கூட்டிவந்து இருத்தினாள்.

இந்தப் புரட்டாதியில் கிளாட்ஸ்டனின் மகள் வீட்டு மேல்மாடத்தில் அசல் நாடாக்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒரு சின்னக் கம்பனி அந்தப் பதினொன்றையும் திரும்ப வெளியிடப் போகிறது, இம்முறை வாசித்தவர்களின் பெயர்களோடு. எதிரொலி போடாத நாடாவை என்னிடம் அனுப்பி, எண்ண முன் நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள், அது என்ன என்று கேட்டார்கள். விதுஷா வந்திருந்தாள். அவள்தான் குசினி மேசையில் கம்பியூட்டரை வைத்துப் போட்டாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு, பக்கத்தில் நின்று சொல்வதுபோல, சளி கட்டிய தொண்டையோடு, அருளப்பு சொன்னார்: "சிறி, அந்தக் கதவைச் சாத்தடா, குளிருது." பிறகு ஒண்டு, ரெண்டு, மூண்டு.

விதுஷா இங்கே பிறந்தவள், தமிழ் அரைகுறை. இது அவளுக்கு விளங்கியது. அப்பா, உங்களை ஆரோ கூப்பிடினம் என்றாள். கையில் இருந்த கோப்பையை நான் எங்கே வைத்தேன் என்று தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்கு அவள் கோபிக்கவில்லை. றோஸ்மலர் அன்ரிக்கு இந்தக் குரல் இருப்பது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டாள். இந்தக் கடிதம் தபாலில் சேரும்வரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரமாட்டாளாம்.

கம்பனிக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓர்கன் என்ற இடத்தில் அருளப்பு, குருநகர் என்று நானே எழுதினேன். ஆனால் அந்தப் படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி இருக்கிறது. உயிரோடு இருக்கிறார், காலமானார். ஒன்றில் அடையாளம் போட வேண்டும். நாற்பது வருஷம் என்றால் இரண்டாவதுதானே என்று அந்தக் கம்பனிப் பெண் மெதுவாகச் சொன்னாள். நீங்கள் மாதா மாதம் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்கிறீர்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள். அவர் பெயரை ஒருமுறை எடுத்துக்கொண்டவன் நான். இதையும் நான் முடிவுசெய்யக் கூடாது. இரண்டு பெட்டியும் வெறுமையாகவே கிடக்கின்றன. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். யூட் கடைக் கம்பியூட்டரில் போட்டுத் தருவான். முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள், பிறகு அவன் கேட்கட்டும். தகப்பனின் குரலை அவன் அறிந்து கேட்பது இதுதான் முதல் தரம், பக்கத்தில் இருங்கள். அதன் பிறகு என்னோடு கதைக்க விருப்பமில்லையென்றால் எனக்கு விளங்கும். சந்திராவோடாவது கதையுங்கள், அவள் ஒரு பிழையும் செய்யவில்லை.

இன்னும் ஒன்று. அந்த நாடாவை நான் இருபது தரமாவது கேட்டிருப்பேன். அவர் சாத்தச் சொல்கிறார், பிறகு எண்ணத் தொடங்குகிறார். நடுவில் கதவு சாத்துகிற சத்தம் இல்லை. நான் சாத்தவில்லை போலிருக்கிறது. நீங்கள் கேட்கும்போது கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் தங்கச்சி. அவருக்குக் குளிரும்.

உங்கள் மாதா உங்களையும் யூட்டையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கதவடியில் நின்ற
சிறி அண்ணை
(ஸ்ரீஸ்கந்தராஜா)